நான்காம் தந்தைக்கு மேலே ஒரு பெயர்

இணையதளத்தின் எடிட்டர் வேலை செய்யவில்லை என்று யார் சொன்னாலும், பக்கத்தை ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேருக்குப் பிளகின்களை, அதாவது ஒட்டுச் செயலிகளை, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மூளை வேண்டாம், பொறுமை போதும். எனக்குப் பொறுமை உண்டு. ஓரிடத்தில் உட்காரத்தான் முடியாது. அதனால் நடந்துகொண்டே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் ஐயா. உங்கள் காவல் நிலைய எழுத்தர் என்னையே பார்க்காமல் எழுதினால் அவருக்குத் தலை சுற்றாது.

தராஸ் நகரில் எங்கள் குலத்தின் வம்சாவளித் தளத்தை ஆறு வருடமாக நான்தான் கவனித்துக்கொண்டேன். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. குலப் பெரியவர்கள் கொண்டுவரும் பெயர்களைக் கம்ஷாத் ஏற்றுவாள். கெட்டுப்போனால் நான் போய்ச் சரிசெய்வேன். அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்கு நாற்பத்தொன்று. திரையில் வம்ச மரம் அப்படியே தெரியும். கிளையைத் தொட்டால் பெட்டி திறக்கும், பெயரை அடித்தால் தீர்ந்தது. அந்த எடிட்டர் ஒரு மார்ச் மாதம் நிஜமாகவே கெட்டது. பொத்தான்கள் மறைந்து வெறும் நிரல் வரிகள் மட்டும் நின்றன. அவளுக்கு அதைக் கண்டாலே பயம்.

"அகாய், உங்க மரம் பட்டுப்போச்சு. வந்து தண்ணி ஊத்துங்க" என்று போனில் கூப்பிட்டாள். மூத்தவன் என்ற மரியாதைக்கு என்னை அகாய் என்பாள்.

பழைய பிளகின் ஒன்றுதான் மல்லுக்கு நின்றது. அதை அணைத்தால் சரி, அரைமணி வேலை. அவள் பால் தேநீர் ஊற்றி, எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கைத் தட்டில் வைத்து, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அரைமணியை மூன்று மணியாக்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு நிலைகொள்ளவில்லை. அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். ஐந்தாம் நாள் வீட்டிலிருந்தபடியே அந்தப் பிளகினை மறுபடி இயக்கி, எடிட்டரைக் கெடுத்துவிட்டேன். யாருக்கும் நஷ்டமில்லை.

அதிலிருந்து மாதம் இரண்டு முறை கெட்டது. ஒருநாள் அவள் சிரித்தாள்.

"என்ன அகாய் இது, நீங்க வந்தா சமத்தா இருக்கு, போனா படுத்துக்குது. உங்களையே கட்டிக்கும்போல."

கேலிதான், எனக்குத் தெரியாதா. ஆனாலும் எங்கள் இருவரின் கிளைகளையும் எடுத்து வைத்து எண்ணினேன். ஒன்பதாம் தந்தையில்தான், அதாவது ஒன்பது தலைமுறைக்கு மேலேதான், சேர்கிறோம். ஏழுக்குள் சேர்ந்தால்தான் திருமணம் கூடாது. எங்களுக்குத் தடையே இல்லை ஐயா, நீங்களும் எண்ணிப் பார்க்கலாம்.

இலையுதிர் காலத்தில் அவள் மீராஸைப் பற்றிச் சொன்னாள். அன்று எடிட்டர் கெட்டிருந்தது.

"அவன் அம்மா வந்து எனக்கு நிச்சயத் தோடு போட்டாச்சு அகாய். அவனும் நம்ம குலம்தானே, குலப் பெரியவர் துர்சின்பாய் தாத்தா அதுலதான் முட்டுக்கட்டை போடுறாரு. அவனோட கொள்ளுத்தாத்தா பஞ்சத்துல அனாதையாகி விடுதியில வளர்ந்தவரு. அப்பா பேரு கோஜாமுரத்னு மட்டும்தான் ஞாபகம். அதுக்கு மேல பெட்டி காலி. 'அந்தப் பெட்டியில யாரு இருக்கான்னு தெரியாம கல்யாணம் கிடையாது'ங்குறாரு."

"நான் என்ன பண்ணணும்?"

"ஆவணக் காப்பகத்துக்குப் போறீங்கல்ல, கொஞ்சம் தேடிப் பாருங்க. கெடச்சா நீங்களே ஏத்திடுங்க. சீக்கிரம் அகாய், எனக்கு நாளில்ல." கை தானாக வயிற்றுக்குப் போனது. நான் குருடன் அல்ல.

மூன்று நாள் தேடினேன். மனசாட்சியோடுதான் தேடினேன். கோஜாமுரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான்காம் நாள் ஒரு வரி எழுதினேன்: கோஜாமுரத்தின் தந்தை எசிர்கெப். எசிர்கெப் யார் என்றால், கம்ஷாத்தின் ஐந்தாம் தந்தை; இனி மீராஸுக்கும் ஐந்தாம் தந்தை. கீழே ஒரு பதிவேட்டு எண்ணும் போட்டேன். வேலிக்கு ஓணான் சாட்சி.

எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே ஏழு தந்தையரை ஒப்பிக்கப் பழகுகிறார்கள். அப்படிப்பட்ட ஜனம், திரையில் எண்ணோடு ஒரு பெயரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. துர்சின்பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரே ரத்தம்" என்றார். மறுநாள் மீராஸின் தாய் வந்து, தான் போட்ட தோட்டைத் தானே கழற்றிக்கொண்டு போனாள். மீராஸ் என் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"எங்கியோ தப்பு நடந்திருக்கு அகாய். இன்னொரு தடவ பாருங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"பதிவேடு பொய் சொல்லாது தம்பி" என்றேன். அழுதான். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் ஆறப்போட்டு, என் அத்தையைப் பெண் கேட்க அனுப்புவதாக இருந்தேன். அந்தக் குழந்தையையும் ஏற்றிருப்பேன். நான் குறுகிய மனம் படைத்தவன் அல்ல. அவள் வீட்டார்தான் அவசரப்பட்டார்கள். ரத்த உறவில் தரித்தது பிறக்கக் கூடாது என்று, தாயும் சித்தியுமாக ஷிம்கென்ட் பக்கம் யாரோ ஒருத்தியிடம் கூட்டிப்போனார்கள். திரும்பும் வழியில், காரின் பின் இருக்கையில், பெட்ரோல் பங்க் வருவதற்குள் அவளுக்குப் பேச்சும் மூச்சும் நின்றுவிட்டது. இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

ஏழாம் நாள் நினைவு விருந்து முடிந்ததும் எடிட்டரை ஒழுங்காகச் சரிசெய்து வைத்தேன். இனி யார் கூப்பிடப் போகிறார்கள்? மீராஸ் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனான். அந்தப் பதிவேட்டில் செம்மறியாட்டு வரிப் பட்டியல்தான் இருந்ததாம். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறான். நல்ல பையன்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கணினியைத் திறந்து வைத்து, அந்தப் பெயரை நீயே நீக்கு என்கிறீர்களே, அது மட்டும் முடியாது. எடுத்துவிட்டால் அவர்களுக்கு நடுவே எந்தத் தடையும் இருக்கவில்லை என்றாகிவிடும். அப்புறம் கம்ஷாத் ஒன்றுமில்லாததற்குச் செத்தாள் என்று ஊர் பேசும். அவள்மேல் உயிரையே வைத்திருந்தவன் ஐயா நான், அந்த அவமானத்தை அவளுக்கு எப்படிச் செய்வேன்?