நடுப் புள்ளி

– அதனால? என் மருமகளை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னானா உன் ஆராய்ச்சித் தலைவன்?

– அவ்வளவு பச்சையா சொல்லல அத்தை. “நாளைக்குக் கூட்டத்துல வாயைத் திறந்தா, வேற இடம் பார்த்துக்கோம்மா”ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

– சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கிறவனை எல்லாம் முப்பது வருஷம் பஸ்ல பார்த்தவ நான். கண்டக்டரா இருந்த என்கிட்டயே செல்லாத நோட்டைத் தள்ளுறவன் இப்படித்தான் இளிப்பான். சரி டாக்டரம்மா, அந்தப் படத்தைக் காட்டு. வலது பக்கமா பிடிடி, பக்கவாதம் வந்ததுல இருந்து இடது பக்கம் எனக்குத் தெரியாதுன்னு எத்தனை தடவை சொல்றது?

– இதோ. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரதம். மூளைக்குள்ள எது எதோட சேர்ந்து வேலை செய்யுதோ, அதுக்கு நடுவுல ஒரு கோடு. பக்கவாதம் வந்தா இதுல எங்க அறுபடுது, எதைப் பிடிச்சா மூளையைக் காப்பாத்தலாம்னு தேடுறதுதான் என் வேலை.

– நடுவுல குண்டா உட்கார்ந்திருக்கானே, அவன் யாரு?

– அதுதான் எங்க தலைவரோட புள்ளி. எல்லாக் கோடும் அங்கதான் போகுது, அதனால அதுதான் ஆணிவேர்னு சொல்லி மருந்து கண்டுபிடிச்சார். அவரோட ஆராய்ச்சில சேர்ந்து நீங்க தினம் சாப்பிடுற மாத்திரை.

– சரிதான். அப்புறம் உனக்கு எங்க வலிக்குது?

– இருபது வருஷமா எல்லாரும் அதையேதான் தோண்டினாங்க அத்தை. ஒரே வீட்டு வாசல்ல மட்டும் கேமரா வச்சா, ஊரே அந்த வீட்டுக்குத்தான் போகுதுன்னு தோணும்ல? எல்லாப் புரதத்தையும் ஒரே மாதிரி சோதிச்ச முடிவுகளை மட்டும் வச்சு மறுபடி வரைஞ்சேன். பாருங்க.

– அடப்பாவமே! குண்டன் காத்துப் போன பலூன் ஆயிட்டான்.

– நடுவுல இப்ப வேற ஒண்ணு வந்திருக்கு. அதை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல.

– இதை அவன்கிட்ட காட்டினியா?

– காட்டினேன். “என்கிட்டயே படம் காட்டாதே, என்கிட்ட நோயாளியே இருக்காங்க”ன்னார். செத்த கை அசைஞ்ச ஒரு அம்மாவை நாளைக்கு வீடியோல காட்டப் போறார். பேரும் இல்ல, முகமும் இல்ல. ஆனா அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

– என் கையா!

– உங்க கைதான்.

– என்னை ஒரு வார்த்தை கேக்காம என் கையைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறானா? நல்லா இருக்கே நியாயம்!

– அதைப் பார்த்ததும் எல்லாரும் கை தட்டுவாங்க. அப்புறம் நூத்துக்கணக்கான பேருக்கு மாத்திரை போகும். சிலருக்கு அது மூளையிலேயே ரத்தக்கசிவைக் கொண்டு வரும் அத்தை. அது தெரிஞ்சும்…

– தெரிஞ்சும்?

– நான் பேசப் போறதில்ல.

– என்னடி சொன்ன?

– எப்படிப் பேசுவேன்? என் படம் பொய்னு உங்க விரல் சொல்லுதே! கட்டை மாதிரி கிடந்த கை, மாத்திரை ஆரம்பிச்சப்புறம் கரண்டி பிடிக்குது. நான் ஜெயிச்சா மாத்திரை நிக்கும். உங்க கை மறுபடி விழுந்துட்டா உங்க மகன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

– அவனை விடு, அவன் தும்மினாலே உயிர் போச்சும்பான். இந்த விரல் அசையலேன்னா நீ என்ன பண்ணியிருப்ப?

– கிழிச்சிருப்பேன் அத்தை. நடு மேடையில நின்னு கிழிச்சிருப்பேன். வேலை போனா போகட்டும்னு.

– இதுதான் என் வீட்டுக்கு வந்த பொண்ணு. எழுந்து கதவைச் சாத்து.

– எதுக்கு?

– சாத்துடி, சொல்றேன். தினம் காலைல ஒருத்தி வந்து என் கையை முறுக்கி, நீட்டி, பந்தைப் பிடி பிடின்னு உயிரை வாங்குறாளே, அவளை யாரு அனுப்புறது?

– இதே ஆராய்ச்சில இருந்துதான். அந்தப் பயிற்சி இதுல சேர்ந்தவங்களுக்கு மட்டும்தான். ஆனா இவ்வளவு காலம் கழிச்சுப் பயிற்சியால ஒண்ணும் ஆகாது, எல்லாம் மாத்திரையாலதான்னு தலைவர் அடிச்சுச் சொல்றார்.

– சொல்லுவான். அவளை நிறுத்திடுவாங்கன்னுதான் இத்தனை நாள் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இனி போனா போறா. பந்து என்கிட்ட இருக்கு, வாயும் இருக்கு. என்னை நானே திட்டிக்கிட்டுப் பிடிக்கிறேன்.

– அத்தை, நீங்க என்ன சொல்றீங்கன்னே புரியல.

– நாளைக்கு நீ பேசு. என் சக்கர நாற்காலியையும் தள்ளிட்டுப் போ, அத்தனை பேர் முன்னாடி நானும் சொல்றேன். “கேள்வி கேக்காம முழுங்கு”ன்னு மாத்திரை குடுக்க வர்ற நர்ஸ் முதல் நாளே என்னை அதட்டினா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். கோணின வாய்க்கு ஒரு வசதி இருக்குடி, தொங்குற கன்னத்துல எதை ஒதுக்கினாலும் வெளிய தெரியாது. அவ அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவேன். ஒரு மாத்திரைகூட இன்னைக்கு வரைக்கும் என் தொண்டையைத் தாண்டினதில்ல.