பில்லின் பின்பக்கம்

தனியாகச் சாப்பிட்டால் அது வெறும் சாப்பாடு. எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தால் அது தொழில் செலவு. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு வரி விதி இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் காவல்துறையில் மாதச் சம்பளம் வாங்குகிறவர், ஐயா, அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பில்லின் பின்பக்கத்தில் யாருடன் சாப்பிட்டோம், என்ன பேசினோம் என்று எழுதி வைக்க வேண்டும். அந்தத் தொகையில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். நல்ல விதி. வேலை கிடைப்பதே சாப்பாட்டு மேஜையில்தான் என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அச்சு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அச்சகக்கார அண்ணன். என் பில்கள் எல்லாவற்றிலும் அவர் பெயரைத்தான் எழுதினேன். ஒரு சாப்பாட்டுக்கான பில்லைக் காட்டினால் இருவர் சாப்பிட்டதாக யார் நம்புவார்கள்? அதனால் எப்போதும் இரண்டு வாங்குவேன். ஒன்றைப் பொட்டலமாக வீட்டுக்குக் கொண்டுபோவேன். வீடு என்பது பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. படுக்கையை விட்டு எழ முடியாத என் மனைவி, "இன்னிக்கும் அவரா வாங்கிக் குடுத்தாரு? நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன்" என்பாள். நான் மறுத்ததில்லை.

பிறகு வரி அலுவலகத்தில் சந்தேகம் வந்தது. அண்ணனை நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். அபராதம் விழுந்தால் பட்டறை போய்விடும். பட்டறை போனால் அவளைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது? விற்க ஒன்றும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அச்சகத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

அவர் மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இத்தனை வருஷமா உன்கூட சாப்பிட்டேனா? எந்த வயித்துலப்பா? ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பியா நீ?"

"ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்ணே. கால்ல வேணாலும் விழறேன்."

"தப்பா நினைக்காத தம்பி. கேட்டா இல்லைன்னுதான் சொல்வேன். பொய் சொல்லிட்டு எனக்குத் தூக்கம் வராது."

நியாயம்தான். எனக்குக் கோபம் வரவில்லை. "சரி, விடுங்கண்ணே. ஒரு நாளாவது நிஜமா சாப்பிட வாங்க" என்றேன்.

"இப்பதான் மனுஷனா பேசற" என்று தோளில் தட்டினார்.

அவருக்கு நிலக்கடலை ஆகாது. வெறும் அரிப்போடு போகிற விஷயமல்ல. உடம்பு கடலையை விஷம் என்று தவறாக எண்ணி எதிர்க்கத் தொடங்கும். அந்த எதிர்ப்பில் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். கடலை பாவம், ஒன்றும் செய்வதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடம்பு எடுக்கும் முயற்சிதான் ஆளை முடிக்கிறது. இதை அவரே ஒருமுறை எனக்குப் பொறுமையாக விளக்கினார். அதற்கான ஊசியை எப்போதும் பையில் வைத்திருப்பார்.

உணவகத்தில் மேஜை சிறியது. இடைஞ்சலாக இருக்கிறது என்று அவருடைய பையை நான்தான் என் வண்டியில் வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில், சூப்பைக் கெட்டியாக்க என்ன சேர்க்கிறீர்கள் என்று பரிமாறுபவரிடம் கேட்டேன். கடலை மாவு அல்ல, நிலக்கடலையை அரைத்து ஊற்றுகிறோம் என்றார். இரண்டு கொண்டுவரச் சொன்னேன்.

"கடலை கிடலை இருக்கப்போகுது. கேட்டியா தம்பி?"

"கேட்டுட்டேன்ணே. சாப்பிடுங்க."

கொஞ்ச நேரத்தில் பை எங்கே என்று கையாலேயே கேட்டார். பேச வரவில்லை. வண்டிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் எழுந்து கல்லாவுக்குப் போய் பில்லைக் கேட்டேன்.

செய்தியைச் சொன்னபோது, "நமக்குச் சோறு போட்டவராச்சே" என்று என் மனைவி அழுதாள்.

கொன்றது நான்தான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். பழைய பில்களும் பொய்தான், தள்ளிவிடட்டும். கடைசிப் பில்லை மட்டும் வரி அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம், அச்சு இயந்திரத்தின் உருளையை மாற்றுவது பற்றிப் பேசினோம், பின்பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. அவர் சூப்பை முடிக்கவில்லை, உண்மைதான். முடித்திருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.