அஞ்சாம் மாடிப் புகார்

— மூக்க உறிஞ்சாம சொல்லுடா. வேல போயிடுச்சா, போகப் போகுதா?

— பதினோரு மணிக்குப் போயிடும்க்கா. இந்த லிஃப்ட்ல என்ன கோளாறுன்னு அதுக்குள்ள எழுதித் தரணுமாம். சத்தியமா ஒரு கோளாறும் இல்ல. மோட்டாரப் பாரு, எவ்வளவு அமைதியா ஓடுது! ஆனா அஞ்சாம் மாடி ரிசப்ஷன் பொண்ணு வாரம் தவறாம புகார் நோட்டுல எழுதி வெச்சுடுறா.

— அதுக்கு ஸ்கூலுக்கு லீவு போட வெச்சு, என்ன இந்த மொட்டமாடி மோட்டார் ரூமுக்கு இழுத்துட்டு வரணுமா?

— நீதான தமிழ் டீச்சர்? அழகா ஒரு பதில் எழுதிக் குடு. எனக்கு "நட்டு முடுக்கப்பட்டது"க்கு மேல வராது, சத்தியமா.

— குடு அந்த நோட்ட. "நீங்கள் வந்து நின்றால் லிஃப்ட் பூனைக்குட்டி போலச் சாதுவாகிவிடுகிறது." இதுக்கு நீ என்ன பண்ணின?

— லிஃப்ட் பள்ளத்துல இறங்கி ரெண்டு மணி நேரம் பூனையத் தேடினேன்.

— அட மக்கு பிளாஸ்திரி! அது உவமைடா, உவமை!

— எலி புடிக்க வந்திருக்கும்னு நெனச்சேன்.

— கடவுளே! "நீங்கள் கிளம்பியதும் அது அழ ஆரம்பிக்கிறது." இதுக்கு?

— எல்லா பேரிங்குக்கும் கிரீஸ் வெச்சேன்.

— லிஃப்ட் எங்கயாவது அழுமாடா? தன் மனசுல இருக்குறத லிஃப்ட் மேல ஏத்திச் சொல்றா. தற்குறிப்பேற்றம். புரியுதா?

— அவ மனசுலயா? என்ன இருக்கு?

— இரு, படிக்க விடு. "நான்கு முறை வந்தும் என்ன குறை என்று கண்டுபிடிக்கவில்லை. என்னே உங்கள் கூர்மையான அறிவு!"

— அது ஒண்ணுதான் எனக்குக் கெடச்ச நல்ல சர்டிபிகேட். சந்தோஷத்துல படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன்.

— அனுப்பிட்டியா!

— அன்னிக்குத்தான் நோட்டீஸ் வந்துச்சு.

— ஐயோ, வயிறு வலிக்குதுடா! வஞ்சப் புகழ்ச்சியக் கொண்டுபோய் மேனேஜருக்கே... புகழ்ற மாதிரி செல்லமாத் திட்டியிருக்கா தடியா!

— சிரிக்காதக்கா. என் பொழப்பே போகுது.

— கோளாறு லிஃப்ட்ல இல்லடா, உன் மண்டைல. உன்ன வர வைக்கத்தான் எழுதுறா. இது புகார் நோட்டா? காதல் கடிதம்டா!

— சும்மா இரு அக்கா. நான் மட்டும் என்னவாம்? அவளப் பாக்கத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு வரேன். பக்கத்துல போனா வாய் வராது. "இங்க ஒரு கையெழுத்து"ன்னு நோட்ட நீட்டிட்டு ஓடி வந்துடுவேன்.

— ரெண்டும் சரியான ஜோடிதான். இரு, இன்னிக்குக் காலைல வேற ஒண்ணு எழுதியிருக்கா. "நேற்று ஞாயிறு. கட்டடத்தில் நான் ஒருத்திதான். நீங்கள் வரக்கூடும் என்று லிஃப்ட்டில் நாற்பது முறை ஏறி இறங்கினேன்." ம்ஹும். இங்கதான் எனக்கு இடிக்குது.

— ஏன்க்கா? கட்டடச் சாவி அவகிட்டதான இருக்கு?

— சாவி இருந்தா? லீவு நாள்ல எவளாவது நாப்பது தடவ ஏறி இறங்குவாளா? இது உயர்வு நவிற்சி. ஊதிப் பெருசாக்கிச் சொல்றது. எழுதுற சுகத்துக்கு எழுதுற பொண்ணோ என்னமோ. இத நம்பி நீ போய் நின்னு, அவ "சும்மா விளையாட்டுக்கு"ன்னு சொல்லிட்டா? வேலையும் போய், மனசும் ஒடஞ்சு வருவ. எனக்குப் பயமா இருக்குடா.

— கொஞ்சம் தள்ளு. கன்ட்ரோல் பெட்டியத் தொறக்குறேன். ஒவ்வொரு நாளும் லிஃப்ட் எத்தன தடவ ஓடுச்சுன்னு இதுல பதிவாகும்.

— என்னடா, பேயறஞ்ச மாதிரி நிக்குற? என்ன காட்டுது?

— நேத்து எண்பது. ஏற நாப்பது, எறங்க நாப்பது. அக்கா, இது உயர்வு நவிற்சி இல்ல, ரீடிங்!