கறிவேப்பிலை மரத்தின் மேற்கிளை

ஓமலூர் மீனலோசனி பெண்கள் பாடசாலையில் இயற்கைப் பாடம் கற்பித்து இன்று ஓய்வுபெறும் உண்ணாமலை அம்மையாருக்கு, உடன் பணிபுரிந்தோர் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்.

ஆழ்ந்த நோக்கும் அஞ்சாத சொல்லும் உடைய அம்மையீர்! சேர்வராயன் அடிவாரக் காட்டை வகுப்பறைக்குள் அழைத்து வந்தவரே! முட்டை, புழு, கூடு, சிறகு என்று தாங்கள் சொல்லக் கேட்ட பின்னர், எங்களில் எவரும் ஓர் இலையைத் திருப்பிப் பாராமல் பறித்ததில்லை. தங்கள் பெருமைகள் பல. ஆயினும் தாங்கள் தவறிய ஒரு நாளையே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தாங்கள் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் புழு வளர்த்தீர்கள். ஆடுதின்னாப்பாளைச் செடியின் புழுவிலிருந்து சிவப்புப் புள்ளியிட்ட கறுப்புப் பட்டாம்பூச்சி வரும். விடுதிக் கறிவேப்பிலை மரத்துப் புழுவிலிருந்து வெள்ளைப் பட்டையிட்டது வரும். அப்படித்தான் கற்பித்தீர்கள். ஒரு காலை, கறிவேப்பிலைப் பெட்டியில் சிவப்புப் புள்ளியோடு ஒன்று சிறகு உலர்த்திக்கொண்டிருந்தது. தாளிக்க இலை மிஞ்சவில்லை என்று தினமும் முணுமுணுக்கும் சமையற்காரி பொன்னாயிதான் கூடுகளை மாற்றியிருப்பார் என்றீர்கள். நாங்களும் தலையாட்டினோம். மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிடத் தாளாளர் முடிவு செய்தார். விடுதியை விட்டால் பொன்னாயிக்குப் போக்கிடம் இல்லை.

"நாந் தொடவே இல்லீங்க, வாத்தியாரம்மா. பூச்சி ரெண்டு சீலை வச்சிருந்தா அதுக்கு நானாங்க பொறுப்பு?" என்றார் அவர். நாங்கள் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை.

அதே மரத்திலிருந்து புதிய புழுக்களை எடுத்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டீர்கள். கூடுகள் வெடித்தபோது இரண்டு வகையும் வெளிவந்தன. வெள்ளைப் பட்டையிட்டது ஆண். சிவப்புப் புள்ளியிட்டது அதன் பெண். பறவைகள் தின்ன அஞ்சும் ஆடுதின்னாப்பாளை நச்சுப் பூச்சியின் உடையைப் பெண் போர்த்திருந்தது. உடலை மட்டும் அதனால் மாற்ற முடியவில்லை. நச்சுப் பூச்சிக்கு உடல் சிவப்பு, இதற்குக் கறுப்பு. முதல் நாளே உடலைப் பார்த்திருக்கலாம். எல்லோரும் சிறகையே பார்த்தோம்.

தாளாளரிடம் சொல்லி அவர் முடிவை மாற்றிவிட்டு நேரே சமையற்கட்டுக்கு வந்தீர்கள். பிள்ளைகள் தட்டேந்தி நிற்கையில், "தப்பு என்னுது, பொன்னாயி" என்றீர்கள்.

அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "சரி, உடுங்க. இனிமே மேக்கெளை பூச்சிக்கு, கீழ்க்கெளை ரசத்துக்கு."

தவறென்று மனத்துக்குள் ஒப்புவது ஒன்று. கொதிக்கும் பானையின் முன் நின்று சொல்வது வேறு. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் நெஞ்சில் அளந்து பார்த்திருக்கிறோம். இன்னும் கடந்தபாடில்லை.

உடல் நலமும் உள்ள அமைதியும் குறையாமல் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். அந்த மேற்கிளையை இனியும் எவரும் பறிக்கமாட்டார்கள். அதற்குப் பொறுப்பேற்றவர், எங்கள் பெயர்களுக்கு மேலே தம் பெயரை எழுதச் சொன்னார்.

பொன்னாயி,
மற்றும் பாடசாலை ஆசிரியைகள், ஊழியர்கள்.
ஓமலூர், 1938