மெதுவாப் போக முடியாத வண்டி

பேச்சு கொஞ்சம் கனமாப் போச்சு... முன்வரிசையில ரெண்டு பேர் கடிகாரத்தைப் பாக்கறீங்க, எனக்குத் தெரியுது. பாருங்க, தப்பில்ல. சாப்பாடு தயாராகறதுக்குள்ள ஒரு சின்னக் கதையைச் சொல்லிடறேன். பட்டறை முதலாளிகள் சங்கத்துக்கு வந்துட்டு இஞ்சின் கதை சொல்லாமப் போனா நல்லாவா இருக்கும்?

தேவசிகாமணின்னு ஒருத்தர். நம்ம கோயமுத்தூர்ப் பக்கம்தான். உங்களை மாதிரியே லேத் பட்டறை வெச்சிருந்தவர். பிள்ளைங்க இல்ல. சம்சாரமும் தவறிட்டாங்க. பெரிய வீடு... ஒத்தை ஆள். அந்த வீட்டுல உக்காரவே அவருக்குப் பிடிக்கல. என்ன பண்ணினார்? ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு. வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல நிறுத்தி, இஞ்சினை இறக்கி, அக்கக்காப் பிரிச்சுப் போட்டார்.

ரிப்பேர் பண்ணவா? இல்லீங்க. பவர் ஏத்த. சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கினார். புது பிஸ்டன் போட்டார். வால்வு இன்னும் அதிகமாத் திறக்கிற மாதிரி கேம்ஷாஃப்ட்டை மாத்தினார். போதுமா? போதல. ரேடியேட்டருக்குப் பின்னாடி ஒரு ஃபேன் இருக்குமே, அதைப் பாத்தார். "இது சுத்தறதுக்கும் என் இஞ்சின் பவர்தானே வீணாப் போகுது?" கழட்டி மூலையில வெச்சுட்டார். விவரம் தெரியாம இல்ல. வேகமாப் போனா எதிர்க்காத்தே இஞ்சின் சூட்டைத் தணிச்சிடும். மெதுவாப் போறப்பத்தான் ஃபேன் வேணும். "நான் எதுக்கு மெதுவாப் போகணும்?" அப்படின்னு தன்னையே கேட்டுக்கிட்டார்.

இதுக்கு நடுவுல அக்கா வீட்டுல கிரகப்பிரவேசம். கூப்பிட்டாங்க. இஞ்சின் பிரிச்சுக் கிடக்குன்னார். நண்பர் பேத்திக்குக் காதுகுத்து. பிஸ்டன் வர வேண்டியிருக்குன்னார். ஊர்ல மாரியம்மன் நோம்பி. அதுக்கும் போகல. மனுசங்க எத்தனை தடவைதான் கூப்பிடுவாங்க? போன் வர்றது குறைஞ்சுது... அப்புறம் நின்னே போச்சு.

ஒரு சாயங்காலம் இஞ்சின் ஸ்டார்ட் ஆச்சு. ஷெட்டுத் தகரமெல்லாம் அதிருது. அந்தச் சத்தத்துக்காக ஏங்கிக் கிடந்த மனுசன், சந்தோசத்துல சட்டுன்னு திரும்பினார், யார்கிட்டயாவது சொல்ல. யார் இருக்கா? ஒருத்தரும் இல்ல. செவுத்தைப் பாத்து "ஓடுது"ன்னார். சொல்லிட்டு, இஞ்சினை அணைச்சுட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கொஞ்ச நாள் போச்சு. அக்கா பையன் நவநீதன் கல்யாணப் பத்திரிகையோட வந்து நின்னான். இவர் தோள்ல வளந்த பையன்.

"மாமா, மாப்பிள்ளை அழைப்புக்கு வேற கார் சொல்லல. உங்க வண்டியில, உங்க பக்கத்துல உக்காந்துதான் வருவேன்."

ஒரு தாய்மாமனுக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்? வண்டியைத் துடைச்சார்... துடைச்சார்... துடைச்சுக்கிட்டே இருந்தார். ஃபேனைத் திரும்ப மாட்டணும்னு தோணுச்சா? தோணல. அந்த வண்டி நடக்கிற வேகத்துல போனதே இல்லீங்களே. கூட நடக்க ஆள் இருந்தாத்தானே அந்த வேகம் ஞாபகம் வரும்?

மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபத்துக்கு. முன்னால ஜமாப் மேளம், ஆட்டம், வெடி. நாலடி நடக்கறாங்க, நின்னு ஆடறாங்க. ஊர்வலம்னா அப்படித்தானே? வேகத்துக்குன்னே மாத்தின இஞ்சின், நடக்கிற வேகத்துல திணறுது. வண்டி இருமுது. குதிக்குது. நின்னு போகுது. மறுபடி ஸ்டார்ட் பண்றார். கடைவீதி முக்குல ரேடியேட்டர் கொதிச்சு, குபுகுபுன்னு ஆவி. ஒருத்தரும் அவரைத் திட்டல. யாரோ ஒரு ஜீப்பைக் கொண்டாந்தாங்க. நவநீதன் சங்கடமா இறங்கினான்.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள போகணுமாம் மாமா. நீங்க பாத்துட்டு மெதுவா வாங்க."

மெதுவா வாங்கன்னு சொல்லிட்டுப் போறான்... மேளம் முக்குத் திரும்புச்சு. சத்தம் குறைஞ்சுது... குறைஞ்சுது... இல்லாமப் போச்சு. இவர் நடுரோட்டுல பானட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறார்.

சூடு ஆறுச்சு. டீக்கடையில தண்ணி வாங்கி ஊத்தினார். ஊர்வலத்துக்குப் பின்னாடி மெதுவாப் போனா மறுபடி கொதிக்கும்னு, ஊரைச் சுத்திப் போற ரோட்டுல வண்டியை விட்டார். காலி ரோடு... என்னமாப் பறந்துச்சு தெரியுங்களா? ஊர்வலம் ரெண்டு தெரு தள்ளி இன்னும் ஆடிக்கிட்டிருக்கு, இவர் மண்டபத்து வாசலுக்கே வந்துட்டார். பூ அலங்காரம் பண்ணின வண்டி. மண்டபத்துக்குள்ள இருக்கறவங்க என்ன நெனப்பாங்க? நாதஸ்வரம் எடுத்துட்டாங்க. வீடியோ லைட்டு மூஞ்சியில அடிக்குது. ஆரத்தித் தட்டோட ஓடி வந்த பொம்பளைங்க குனிஞ்சு உள்ள பாக்கறாங்க. பக்கத்து சீட்டு... காலி.

"மாப்பிள்ளை எங்கீங்க?"

நாதஸ்வரம் நின்னுச்சு. லைட்டு அணைஞ்சுது. ஆரத்தித் தட்டு உள்ள போச்சு. எல்லாருக்கும் முன்னாடி வந்து சேந்த மனுசன், ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி இருட்டுல தனியா உக்காந்திருந்தார்.

அந்த இஞ்சின்ல ஏதாவது குறை இருந்துச்சா? ஒரு குறையும் இல்ல. நல்ல இஞ்சின். கூட வர்றவங்களுக்காக மெதுவாப் போக மட்டும் அதால முடியல. நாமளும் எதையெதையோ வேண்டாம்னு கழட்டி வெச்சிருக்கோம். சம்சாரத்தோட காப்பி குடிச்ச அந்த அரைமணி நேரம் இப்ப எங்கீங்க? பள்ளிக்கூடத்துக் கதை சொல்ல வந்த மகளை "சீக்கிரம் சொல்லு"ன்னு விரட்டினது யாருங்க? இன்னிக்கு இந்த மேடையில சங்கத்துப் பரிசு வாங்கினவங்க அத்தனை பேரும் முதல்ல வந்தவங்க. நானும்தான் கை தட்டினேன். யாரோட வந்தீங்கன்னு நான் கேக்கல... நீங்களே கேட்டுக்கங்க.

பின்வரிசையில உங்க வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க. கூட்டம் முடிஞ்சதும் நீங்க முன்னாடி ஓடிப்போய், காரை வாசல்ல கொண்டாந்து ஹாரன் அடிக்காதீங்க. அவங்க செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு, தெரிஞ்சவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வர்ற வரைக்கும்... நில்லுங்க. நின்னு, கூட நடந்து போங்க.