கொம்பையா அண்ணாச்சியின் ஆம்ப்ளிஃபயர்

நல்ல ஸ்பீக்கர் கிடைத்துவிடும், இன்ஸ்பெக்டர். அதற்கேற்ற பழைய ஆம்ப்ளிஃபயர் கட்டுப்படியான விலையில் கிடைப்பதுதான் கஷ்டம்.

என்னுடைய ஜோடி லண்டன் மச்சான் விட்டுப்போனது. எலக்ட்ரோஸ்டாடிக் ரகம். கதவு உயரம், அப்பளக் கனம். உள்ளே மெல்லிய தாள், இருபுறமும் கம்பிவலை, அதில் ஆயிரக்கணக்கான வோல்ட். அது வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி டெபோரா அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டாள். நல்லவேளை, ஊரில் கரண்ட் இல்லை.

இதற்குத் தீனி போடுவது லேசில்லை. டவுனில் வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபயர் ஒரு பாட்டு முடிவதற்குள் புகைந்தது. தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்பவரிடம் வாங்கியது இட்லி அவிக்கிற சூட்டுக்கு வந்து அடங்கிவிட்டது. புதிது வாங்க வாத்தியார் சம்பளம் காணாது. பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறவன் நான். ஊரே கேபிள் டிவி இழுத்துக்கொண்டிருந்தபோது நான் ஆம்ப்ளிஃபயர் தேடி அலைந்தேன்.

முக்கூடலில் ஒரு கல்யாண வீட்டில் அது கண்ணில் பட்டது. மைக் செட் கொம்பையா அண்ணாச்சியுடையது. இரண்டு ஆள் தூக்குகிற கனம், நான் படத்தில் பார்த்து ஏங்கிய அதே மாடல். அவரோ அதில் புனல் ஸ்பீக்கரை மாட்டி, பந்திக்குச் சாம்பார் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

விலைக்குக் கேட்டேன். சிரித்தார்.

"சார், எங்க வீட்டுக்குச் சோறு போடுதது இதுதான். நான் செத்த பொறவு மாரிக்கண்ணுகிட்ட கேட்டு எடுத்துக்கிடுங்க."

மாரிக்கண்ணு அவர் மனைவி. விளையாட்டாகச் சொன்னார் என்பீர்கள். எனக்கு அது வாக்கு.

புனலுக்கடியிலேயே நின்று அண்ணாச்சிக்குக் காது மந்தம். ஸ்பீக்கர் பாடுகிறதா என்று உள்ளங்கையை வைத்துத்தான் பார்ப்பார். எந்த மைக் செட்காரரும் ஸ்பீக்கருக்குப் பயப்பட மாட்டார். கரண்ட் இருப்பது ஆம்ப்ளிஃபயரில், ஸ்பீக்கர் சாது. அவருடைய ஸ்பீக்கர்களுக்கு அது சரிதான்.

ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்று ஞாயிறு மத்தியானம் கூப்பிட்டேன். டெபோரா சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அண்ணாச்சி வேனில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். தங்கமான மனுஷன். தூசி தட்டுவதற்காக ஒரு ஸ்பீக்கரின் பின்மூடியைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன். நாதஸ்வர கேசட்டைப் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருப்பினேன். ஆஹா என்றிருந்தது. கண் கலங்கிவிட்டது.

"சார், அந்தப் பெட்டி பாடுதா?"

"தெரியலையே அண்ணாச்சி. பின்னால கையை வச்சுப் பாருங்களேன்."

"அங்கன கரண்டு கிடக்கா?"

"ஸ்பீக்கர்ல ஏது அண்ணாச்சி கரண்டு?"

ராகம் முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு பிளக்கைப் பிடுங்கினேன்.

உங்கள் ஆட்களிடமும், ஸ்பீக்கரில் ஏது கரண்ட் என்றுதான் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். ஆம்ப்ளிஃபயர் கோளாறு, கம்பி வழியாக ஏறிவிட்டது என்று முடிவானது. நான் மெய்யாகவே அழுதேன். ஆளைக் குடித்த சாமான் வீட்டில் வேண்டாம் என்றார் மாரிக்கண்ணு மதினி. அதனால்தான் எனக்குக் கட்டுப்படியானது. அப்படியும் அவர் கேட்ட விலையில் நான் ஒரு பைசா குறைக்கவில்லை.

போன வாரம் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க மதினி வந்தார். கூடவே அவர் தம்பி அம்மையப்பன், உங்கள் ஸ்டேஷன் ஏட்டு. காப்பி கொடுத்தேன். அந்த ஆம்ப்ளிஃபயரை ஒருதரம் கேட்கணும் என்றார் மதினி. அதே நாதஸ்வரத்தைப் போட்டேன். அழுதார்.

"அவுக கை வச்ச இடத்துல நானும் ஒருக்கா வச்சுப் பாக்கேன்" என்று ஸ்பீக்கருக்குப் பின்னால் போனார். பின்மூடியை நான் மாட்டவே இல்லை. அது இல்லாமல் சத்தம் இன்னும் சுத்தம்.

"தொடாதீங்க மதினி, செத்துப் போவீங்க" என்று பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டேன்.

அம்மையப்பன் டம்ளரைப் பைய கீழே வைத்தார்.

"ஸ்பீக்கர்ல ஏது சார் கரண்டு?" என்றார்.

ஆமாம், அண்ணாச்சியைக் கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்றப் போய்த்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.