மாத்தே டெவலப்பர் மேல் குற்றமில்லை

கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் கரைசல், அதாவது டெவலப்பர், இருபது டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும். கோடையில் ஐஸ் தேடி அலைவோம். ஜூலைக் குளிரில் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் அடுப்பில் வைத்தால் போதும். விசாரணை அதிகாரி அவர்களே, இந்த விவரத்திலிருந்து நான் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எங்கள் புகைப்படச் சங்கத்தின் செயலாளர் கிரிசெல்டா உங்களிடம் கொடுத்திருக்கும் குறிப்பில், காலஞ்சென்ற அனிபாலின் கடைசி ஃபிலிம் வெறுமையாகப் போனதற்கு நான் தயாரித்த புது டெவலப்பர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறார். அது தவறு. தவறான தகவல் ஒன்று அரசாங்கக் கோப்பில் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பெயர் ஒராசியோ பெர்டுச்சி. வயது ஐம்பத்து நான்கு. துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். தினமும் காலை ஏழு மணிக்கு ஆற்றின் நீர்மட்டத்தை அளப்பேன். மேலே அணையில் மதகு எப்போது திறப்பார்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு நம் ஊருக்கு வரும் என்பதைத் தொலைபேசியில் கேட்டு வாசல் பலகையில் சாக்கட்டியால் எழுதுவேன். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு நாளும் விட்டதில்லை, ஞாயிற்றுக்கிழமை உட்பட.

டெவலப்பரைப் பற்றி. தலைநகர் மொந்தேவிதேயோவிலிருந்து வரும் வெளிநாட்டு டெவலப்பர் பொடிக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் நாம் நாள் முழுக்கக் குடிக்கும் மாத்தே இலையிலேயே செய்து பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் இலையைக் கொதிக்கவிட்டு, துணியில் இரண்டு முறை வடிகட்டி, சலவைச் சோடாவும் வைட்டமின் சி தூளும் சேர்க்க வேண்டும். நிறம் சாக்கடை மாதிரி இருக்கும். வாசனை நனைந்த வைக்கோல். ஆனால் படம் வரும்.

மார்ச்சில் செய்த முதல் முயற்சியில் படம் மங்கலாகத்தான் வந்தது. சங்கத்தில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் நாளன்று அதை எல்லோரிடமும் காட்டினேன். இரும்புக்கடை வைத்திருந்த அனிபால் அதை வாங்கி விளக்கில் பிடித்தான். பத்து வருடமாக நானும் அவனும்தான் ஒன்றாகப் பறவைப் படம் எடுக்கப் போவோம்.

“இது என்னப்பா, படமா, பட்டாணி சூப்பா? ஒரு ஸ்பூன் கொண்டாங்க, ஆறிடப் போகுது” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் பெயர் சூப்பு. ரொட்டிக்கடையில் சூப்பு. அலுவலகத் தொலைபேசியில், முன்பின் தெரியாத ஒருவர், “நீர்மட்டம் கேக்கணும், சூப்பு இருக்காரா?” என்றார். நான் கோபப்பட்டதாக நீங்கள் நினைக்கலாம். இல்லை. கோபப்படுகிறவன் செய்முறையைப் பதினோரு தடவை திருத்த மாட்டான். ஒவ்வொரு தடவையும் அளவு, சூடு, நிமிடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஜூலை பதின்மூன்று, ஞாயிறு. அனிபால் ஆற்று நடுவில் இருக்கும் மணல் திட்டில் நீர்க்காகங்களைப் படமெடுக்க வேண்டும் என்றான். தண்ணீர் குறைந்திருக்கும்போது அந்தத் திட்டுக்கு ஊர்க்காரர்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தே போவார்கள். கேமரா நனையக் கூடாது என்று நாங்கள் என் படகில் போனோம். அனிபால் எப்போதும் படகின் நடுவில், இரண்டு ஓரத்தையும் கைகளால் பிடித்துக்கொண்டுதான் உட்காருவான். அதை மட்டும் வைத்து அவனுக்கு நீச்சல் தெரியாது என்று ஒருவர் முடிவு செய்துவிட முடியாது.

அன்று காலை நான் பலகையில் எழுதியது இதுதான்: பதினொரு மணிக்குத் தண்ணீர் வரும், இரண்டு மீட்டர் எண்பது ஏறும். திட்டின் உயரம் ஒரு மீட்டர். பலகை வாசலில்தான் இருந்தது. யாரும் படிக்கலாம். அனிபால் அதன் எதிரில்தான் சைக்கிளை நிறுத்தினான்.

நாங்கள் திட்டை அடைந்தபோது மணி பத்து இருபது. அவன் இறங்கி, நீண்ட லென்ஸை மாட்டிக்கொண்டே சொன்னான்: “சூப்பு, நீ படகுலயே இரு. உன் மூஞ்சியப் பார்த்தா பறவையெல்லாம் அர்ஜென்டினாவுக்கு ஓடிரும்.”

நான் படகிலேயே இருந்தேன். அவன் சொன்னதைத்தான் செய்தேன். கொஞ்சம் தள்ளி நின்றால் பறவைகளுக்கு நல்லது என்று துடுப்பைப் போட்டேன். “எங்கடா போற?” என்றான். “தள்ளி நிக்கிறேன்” என்றேன். பிறகு அலுவலகத்தில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று நினைவுக்கு வந்ததால் நேராகக் கரைக்குத் திரும்பிவிட்டேன். அவன் நடந்து வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

செவ்வாயன்று அவன் உடல் கீழே பாலத்தருகில் கிடைத்தது. புதனன்று தண்ணீர் வடிந்தபோது, திட்டில் இருக்கும், ஆள் பாரம் தாங்காத ஒல்லியான அலரி மரத்தின் உச்சிக் கிளையில், அவனுடைய கம்பளிச் சட்டையில் சுற்றிக் கட்டிய கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. துளி ஈரமில்லை. எங்கள் சங்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அவன் நடந்துதான் போயிருப்பான் என்று ஊரில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். படகைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துப் பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை அவன் மனைவி மிர்தா கேமராவை அலுவலகத்துக்கே எடுத்து வந்தாள். போலீசார் அதைத் திறக்காமல் அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

“அன்னைக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை” என்றாள். “‘போ, திரும்பி வராதே’ன்னேன். எந்த வீட்டுல சொல்லாத வார்த்தை அது? இப்ப ஊரே சொல்லுது, அவரு தெரிஞ்சேதான் போயி நின்னாருன்னு. சாகப் போறவன் பறவையப் படம் பிடிப்பானா, ஒராசியோ? இதுல படம் இருந்தா நான் தூங்குவேன். கழுவிக் குடுங்க. நானும் கூட இருக்கேன்.”

நியாயமான கேள்விதான். வியாழக்கிழமை சங்கத்துக்கு வரச் சொன்னேன்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. புது டெவலப்பரில் யாரும் முழு ஃபிலிமை நேரடியாகப் போட மாட்டோம். முதலில் கையளவு துண்டு ஒன்றை வெட்டிக் கழுவிப் பார்க்க வேண்டும். விதியை நான் மீறவில்லை. மறுநாள் செவ்வாயன்று இருட்டறையில் கேமராவைத் திறந்தேன். ஃபிலிமை இன்னும் அதன் டப்பிக்குள் திருப்பிச் சுற்றாத கேமராவில் கடைசியாக எடுத்த படங்கள்தான் வெளிச்சுற்றில் இருக்கும். அங்கிருந்து நான்கு படங்களின் நீளத்துக்கு வெட்டினேன். மீதியைக் கறுப்பு டப்பாவில் மூடினேன். துண்டைப் பன்னிரண்டாம் செய்முறையில் பதினைந்து நிமிடம் கழுவினேன். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

வியாழனன்று மிர்தாவுடன் கிரிசெல்டாவும் வந்திருந்தார். மருந்துக்கடைக்காரர், கரைசல்களைப் பற்றித் தெரிந்தவர்.

“இவ்வளவு பெரிய விஷயத்துல போயி உங்க சூப்பையா ஊத்தப் போறீங்க? அந்த வெளிநாட்டுப் பொடி எங்க?”

“கட்டி பிடிச்சிருச்சு. பாருங்க.”

டப்பாவைக் காட்டினேன். கட்டி பிடித்திருந்தது உண்மைதான். அதன் மூடியை இரண்டு நாள் திறந்து வைத்திருந்தவன் நான்.

“சரி, இதைச் சோதிச்சீங்களா?”

“ஒரு துண்டுல.”

“யாரோட துண்டு?” என்றார் அவர்.

நான் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஃபிலிமைச் சுருளில் ஏற்ற எனக்கு இரண்டு நிமிடம் போதும். அன்று ஏழு நிமிடம் ஆனது. வெளியே வந்ததும் கிரிசெல்டா கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்னய்யா, உள்ள தூங்கிட்டீங்களா?”

“சுருள்ல சிக்கிக்கிச்சு.”

பிறகு எல்லாம் அவர்கள் கண்ணெதிரில் நடந்தது. ஃபிலிமை வைத்து மூடிய, வெளிச்சம் புகாத டாங்கில் மாத்தே டெவலப்பரை ஊற்றினேன். நிமிடத்துக்கு ஒரு முறை கவிழ்த்தேன். கொட்டினேன், கழுவாத பகுதியைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவை ஊற்றினேன், அலசினேன். ஃபிலிமை வெளியே எடுத்து ஜன்னலில் பிடித்தபோது அது கண்ணாடி மாதிரி இருந்தது.

மிர்தா அதைக் கையில் வாங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். “அப்ப அவரு ஒண்ணுமே எடுக்கல” என்றாள்.

“அப்படி இல்ல மிர்தா” என்றார் கிரிசெல்டா. “ஓரத்துல கம்பெனி போடுற, கழுவினாத்தான் தெரியிற நம்பர்கூட இதுல இல்ல. டெவலப்பர் வேலை செய்யல. அவரு எடுத்தாரா இல்லையான்னு இனிமே யாருக்கும் தெரியாது.” பிறகு என் பக்கம் திரும்பி, “இந்த முனை ஏன் கத்தரியில வெட்டின மாதிரி இருக்கு?” என்றார்.

“சிக்கிக்கிச்சுன்னு சொன்னேனே.”

தன் வாயால் அதைச் சொன்ன பிறகு மிர்தாவின் காதில் வேறு எதுவும் விழவில்லை. வெற்று ஃபிலிமைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் கடையைத் திறக்கவில்லை என்றும், கதவைத் தட்டினால் “நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன்” என்று மட்டும் சொல்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். அது வருத்தமான விஷயம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. கிரிசெல்டா அன்றே என் ஐந்து லிட்டர் கரைசலையும் தொட்டியில் கொட்டினார். இருட்டறைக் கதவில், ‘மாத்தே டெவலப்பர் பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி ஒட்டினார். இப்போது ஊரில், “சூப்பு ஒரு மனுஷனோட கடைசிப் படத்தைக் குடிச்சிருச்சு” என்கிறார்கள். மூன்று வாரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து மாத உழைப்பு, அதிகாரி அவர்களே. பன்னிரண்டு செய்முறை.

உண்மை இது. அந்த ஏழு நிமிடத்தில், இருட்டில், ஃபிலிமை முதலில் ஹைப்போவில் போட்டேன். டெவலப்பருக்கு முன்னால் ஹைப்போவில் விழுந்த ஃபிலிமில் எதுவும் மிஞ்சாது. அதற்குப் பிறகு உலகத்திலேயே சிறந்த டெவலப்பரை ஊற்றினாலும் அது வெற்றுத் தண்ணீர்தான். பழைய பொடியில் கழுவியிருந்தால் யாரும் பொடியைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். எல்லோரும் சுலபமாகச் சந்தேகப்படக்கூடிய ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. என் கரைசலின் பெயரை நானே கெடுத்தேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த தப்பு அதுதான்.

சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால், செவ்வாயன்று வெட்டிய துண்டை இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன். எரித்துவிடத்தான் நினைத்தேன். இரண்டு தடவை தீக்குச்சியும் கிழித்தேன். ஆனால் இவ்வளவு நல்ல நெகட்டிவ் என் கையில் அதற்கு முன் வந்ததில்லை. தயவுசெய்து ஓரத்தை மட்டும் பிடித்துப் பாருங்கள். கிரிசெல்டாவிடமும் காட்டுங்கள். முதல் படத்தில் நீர்க்காகத்தின் சிறகில் ஒவ்வொரு இறகும் தனியாக எண்ண வருகிறது. இரண்டாவதில் நான் துடுப்புப் போடுகிறேன். துடுப்புப் போடுகிறவன் தான் விட்டுப் போகிற இடத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பான், அதனால் முகம் நேராக விழுந்திருக்கிறது. மூன்றாவதில் படகு நிற்கிறது, நங்கூரக் கயிறு இறங்கியிருக்கிறது. படத்தின் கீழ்விளிம்பில் திட்டின் மணல் தெரியவில்லை, தண்ணீர்தான் இருக்கிறது. இந்த மூன்றிலும் சாம்பல் நிறத்தின் படிகளைக் கவனியுங்கள்.

நான்காவது படம்தான் கடினமானது. குளிர்காலக் காலையில், கரும்பச்சைக் கரைக்கு முன்னால், நான் படகில் உட்கார்ந்து அவனைப் பார்த்தபடி தெர்மாஸிலிருந்து மாத்தேக்கு ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மட்டமான டெவலப்பராக இருந்தால் அந்த ஆவி படத்தில் தெரிந்தே இருக்காது.